ஏஎஃப்கேட் முதல் சிபிஎஸ்எஸ் வரை: பறக்கும் பிரிவுக்கு எதை, எந்த வரிசையில் தயார் செய்வது?

கார்முகில்
அனைவருக்கும் வணக்கம். பி.எஸ்சி இயற்பியல் இறுதியாண்டு. அடுத்த ஏஎஃப்கேட் (இந்திய விமானப்படையின் பொது நுழைவுத் தேர்வு) அறிவிக்கை வந்ததும் பறக்கும் பிரிவுக்கு, அதாவது விமானியாக, விண்ணப்பிக்க இருக்கிறேன். எழுத்துத் தேர்வுக்குப் புத்தகங்கள் நிறைய கிடைக்கின்றன. விமானிகளைத் தேர்ந்தெடுக்கும் கணினி வழிச் சோதனையான சிபிஎஸ்எஸ் பற்றி மட்டும் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். சிலர் அதற்குப் படிக்கவே முடியாது என்கிறார்கள், சிலர் ஆறு மாதம் பயிற்சி வேண்டும் என்கிறார்கள். எதில் தொடங்குவது? இறுதியாண்டில் இருப்பவர் விண்ணப்பிக்கலாமா?

நெடுவானம்
விண்ணப்பிக்கலாம் தம்பி. எழுத்துத் தேர்வுக்குப் பின் வரும் ஏஎஃப்எஸ்பி (விமானப்படைத் தேர்வு வாரியத்தின் நேர்காணல்) நேரத்தில் அரியர் நிலுவை இருக்கக் கூடாது. அறிவிக்கையில் சொல்லும் தேதிக்குள் பட்டச் சான்று கையில் இருக்க வேண்டும். பட்டத்தில் 60 சதவீதம், பிளஸ் டூவில் கணிதத்திலும் இயற்பியலிலும் தனித்தனியாக 50 சதவீதம் தேவை. வயது, பயிற்சி தொடங்கும் மாதத்தை வைத்துக் கணக்கிடப்படும், தேர்வு எழுதும் நாளை வைத்து அல்ல. பிப்ரவரித் தேர்வு என்றால் அடுத்த ஜனவரியில் தொடங்கும் பயிற்சி, ஆகஸ்ட் தேர்வு என்றால் அடுத்த ஜூலை. அந்த முதல் தேதியில் 20 முதல் 24-க்குள் இருக்க வேண்டும். டிஜிசிஏ (சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம்) வழங்கிய வணிக விமானி உரிமம் செல்லுபடியில் இருந்தால் 26 வரை.

எதில் தொடங்குவது என்றால், புத்தகத்தில் அல்ல, அளவு நாடாவில். உடல் அளவு பொருந்தாவிட்டால் எவ்வளவு மதிப்பெண் எடுத்தாலும் பறக்கும் பிரிவு இல்லை. உயரம் குறைந்தது 162.5 செ.மீ. கால் நீளம் 99-க்கும் 120-க்கும் இடையே. தொடை நீளம் 64-ஐத் தாண்டக் கூடாது. உட்கார்ந்த உயரம் 81.5 முதல் 96 வரை.

பலர் கால் நீளத்தை நின்றுகொண்டு இடுப்பிலிருந்து அளந்துவிட்டு 'போதும், இருக்கிறது' என்று விட்டுவிடுகிறார்கள். அது தவறான அளவு. தரையில் உட்கார்ந்து, முதுகும் பிட்டமும் சுவரை ஒட்டியிருக்க, முழங்கால் மடங்காமல் காலை நீட்ட வேண்டும். சுவரிலிருந்து குதிகால் வரை உள்ள தூரமே கால் நீளம். தொடை நீளத்துக்கு ஸ்டூலில் உட்கார்ந்து, சுவரிலிருந்து முழங்காலின் முன்பக்கம் வரை அளக்க வேண்டும். இந்த வரம்புகள் எல்லாம் விமானி அறைக்காக வைத்தவை. கால் குட்டையாக இருந்தால் ரட்டர் (வால் சுக்கான்) பெடலை முழுதாக மிதிக்க முடியாது. தொடை நீண்டிருந்தால் இருக்கையோடு வெளியேற்றப்படும்போது முழங்கால் முன்பலகையில் மோதும். அதனால்தான் இதில் சலுகை எதிர்பார்க்க வழியில்லை.

அடுத்து கண். ஒரு கண்ணில் 6/6, மற்றதில் 6/9. கிட்டப்பார்வை பறக்கும் பிரிவுக்கு ஆகாது. தூரப்பார்வை +2.0 வரை ஏற்கப்படும், கண்ணாடி போட்டு 6/6 வர வேண்டும். கண்ணாடிக் கடையில் பார்ப்பது போதாது. கண் மருத்துவரிடம் சொட்டு மருந்து விட்டு ரெட்டினோஸ்கோபியும், நிறப்பார்வைக்கு இஷிஹாரா தட்டுகளும் பாருங்கள். பல் புள்ளி (பற்களின் நிலைக்குத் தரும் மதிப்பு) 14 வேண்டும். இது சரிசெய்யக்கூடியது, இப்போதே பல் மருத்துவரிடம் போய்விடுங்கள். மருத்துவத் தகுதிப் பகுதி அவ்வப்போது திருத்தப்படுவதால் உங்கள் தேர்வுக்கான அறிவிக்கையில் அதை வரிவரியாகப் படியுங்கள்.

மின்மினி
நெடுவானம் சார் சொன்னது சரி. நான் எழுத்துத் தேர்வு பத்திச் சொல்றேன். 100 கேள்வி, 300 மார்க், 2 மணி நேரம். சரியா எழுதினா 3, தப்புன்னா 1 போயிடும். கால்குலேட்டர் கிடையாது. பகுதிக்கு இவ்வளவுன்னு நேரப் பூட்டு இல்லை, முன்னும் பின்னும் போகலாம். நிறையப் பேரு கோட்டை விடுறது இங்கதான். தெரியாததையும் தட்டிட்டு வர்றாங்க, மைனஸ்ல போகுது. தெரியலைன்னா தொடாதீங்க.

அளவுகோல்
மின்மினி, இதில் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். நான்கு விடைகளில் கண்ணை மூடி ஒன்றைத் தேர்ந்தால், நான்கில் ஒருமுறை +3, மூன்றுமுறை −1. கூட்டினால் பூச்சியம். லாபமும் இல்லை, நட்டமும் இல்லை. ஒரு விடை நிச்சயம் தவறு என்று நீக்க முடிந்தால், மூன்று கேள்விக்கு +3 −1 −1, அதாவது ஒரு கேள்விக்குச் சராசரி 0.33 கூடுகிறது. இரண்டை நீக்கினால் சராசரி +1. ஆகவே ஒரு விடையையாவது காரணத்தோடு நீக்க முடிந்தால் குறித்துவிடுவதே கணக்குப்படி சரி.

பிளஸ் டூ தகுதியில் எழுதும் என்டிஏ (தேசியப் பாதுகாப்பு அகாடமி) தேர்வின் கணிதத் தாளிலும் இதே நிலைதான். 120 கேள்வி, ஒன்றுக்கு 2.5, தவறுக்கு அதில் மூன்றில் ஒரு பங்கு போகும். குருட்டு ஊகத்தின் சராசரி அங்கும் பூச்சியம்.

மின்மினி
கணக்கு ஒத்துக்கறேன். ஆனா 'நீக்கிட்டேன்'னு நினைக்கிறது பாதி நேரம் உண்மையில நீக்கினது இல்ல, பழக்கமான வார்த்தையைப் பார்த்து வர்ற மயக்கம். இங்கிலீஷ்ல எதிர்ச்சொல் கேள்வியில இது ரொம்ப நடக்கும். எதிர்ச்சொல் கேட்டிருப்பாங்க, ஒரே பொருள் இருக்கற சொல்லைப் பார்த்ததும் கை போயிடும்.

அளவுகோல்
நியாயமான பேச்சு. அதைச் சோதிக்க ஒரு வழி உண்டு. மாதிரித் தேர்வில் ஒவ்வொரு விடைக்கும் பக்கத்தில் ஓர் அடையாளம் வையுங்கள்: உறுதி, இரண்டில் ஒன்று, மூன்றில் ஒன்று. முடிந்தபின் ஒவ்வொரு வகையிலும் எத்தனை சரி என்று தனியாக எண்ணுங்கள். 'இரண்டில் ஒன்று' வகையில் பாதி சரியாக வர வேண்டும். அது கால்வாசியாக வந்தால் உங்கள் நீக்கல் பொய், அந்தப் பகுதியில் தொடாமல் விடுவதே நல்லது. ஆங்கிலத்தில் ஒரு பழக்கம், கணக்கில் வேறு பழக்கம் இருக்கலாம். பகுதிவாரியாகப் பாருங்கள்.

நேரம்: ஒரு கேள்விக்கு 72 விநாடி. பொது அறிவு கேள்விக்கு 20 விநாடிக்கு மேல் தேவையில்லை, யோசித்து வருவது அல்ல அது. அங்கே மிச்சமாகும் நேரம் முழுவதும் எண் திறனுக்கும் ரீசனிங்குக்கும் போக வேண்டும். எண் திறனில் சதவீதம், விகிதம், வேலை நேரம், ரயில், படகு இவை கைவசம் இருந்தால் பெரும்பகுதி முடிந்தது. கட்ஆஃப் தேர்வுக்குத் தேர்வு மாறும். அதோடு இறுதித் தகுதிப் பட்டியலில் எழுத்து மதிப்பெண்ணும் ஏஎஃப்எஸ்பி மதிப்பெண்ணும் சேர்ந்துதான் வரும். எனவே கட்ஆஃபைத் தொட்டால் போதும் என்று நிறுத்த வேண்டாம்.

தென்றல்
ரீசனிங்கில் உருவக் கேள்விகளைப் பலர் 'பார்த்தால் தெரியும்' என்று விட்டுவிடுகிறார்கள். எல்லாவற்றுக்கும் முறை இருக்கிறது.

மறைந்த உருவம்: சின்ன உருவத்தை மனதில் திருப்பாதீர்கள். அதே அளவில், அதே நிலையில்தான் பெரிய படத்துக்குள் இருக்கும். முழு உருவத்தையும் தேடாமல், அதில் மிக அரிதான ஒரு மூலையை எடுங்கள், உதாரணமாகக் கூர்மையான கோணம் ஒன்று. பெரிய படத்தில் அந்தக் கோணம் எங்கே இருக்கிறது என்று மட்டும் பாருங்கள். கிடைத்ததும் அங்கிருந்து கோட்டைத் தொடருங்கள்.

புள்ளி நிலை: கேள்விப் படத்தில் ஒவ்வொரு புள்ளியும் எந்தெந்த உருவத்துக்குள் இருக்கிறது என்பதோடு, எதற்கு வெளியே இருக்கிறது என்பதையும் எழுத வேண்டும். 'வட்டம் உண்டு, முக்கோணம் உண்டு, சதுரம் இல்லை' என்று. அந்த 'இல்லை'யை விடுவதுதான் தவறுக்குக் காரணம். பிறகு விடைப் படங்களில் அப்படி ஓர் இடம் இருக்கிறதா என்று மட்டும் பார்க்க வேண்டும். இருப்பதில் அரிதான சேர்க்கை கொண்ட புள்ளியில் தொடங்கினால் இரண்டு மூன்று விடைகள் உடனே கழியும்.

சுழற்றிய கட்டை: இங்கே தவறான விடைகளில் கண்ணாடி பிம்பம் ஒன்றாவது இருக்கும். கட்டையின் ஒரு மூலையைப் பிடித்து, அதைச் சுற்றி உள்ள மூன்று அடையாளங்களைக் கடிகாரத் திசையில் சொல்லுங்கள்: வெட்டு, நீளப் பக்கம், குட்டைப் பக்கம். எப்படித் திருப்பினாலும் இந்த வரிசை மாறாது. கண்ணாடி பிம்பத்தில் மட்டும் வரிசை தலைகீழாகும். மனதில் கட்டையைச் சுழற்றத் தெரியாதவரும் இந்த ஒரு சோதனையால் பாதி விடைகளைத் தள்ளிவிடலாம்.

கார்முகில்
மிக்க நன்றி அக்கா, இந்த வரிசை முறையை எங்கும் பார்த்ததில்லை. சிபிஎஸ்எஸ்ஸில் கருவிகளைப் படிக்க வேண்டும் என்கிறார்களே, அதற்கு முன்கூட்டியே விமானம் பற்றிப் படிக்க வேண்டுமா?

நெடுவானம்
முதலில் ஒரு வேண்டுகோள். சிபிஎஸ்எஸ் எழுதியவர்கள் யாரும் அங்கே வந்த கேள்விகளையோ திரை அமைப்பையோ இங்கே பதிவிட வேண்டாம். கீழே சொல்வது எல்லா விமானிக்கும் பொதுவான அடிப்படை.

சிபிஎஸ்எஸ் என்பது அரசின் பாதுகாப்பு ஆராய்ச்சி அமைப்பான டிஆர்டிஓ உருவாக்கிய கணினி வழித் தேர்வு. முன்பு இருந்த பிஏபிடி என்ற விமானித் திறன் சோதனைக்குப் பதிலாக வந்தது. பழைய பிஏபிடியில் கருவிகளைப் படிக்கும் எழுத்துப் பகுதி ஒன்று, கை கால் ஒருங்கிணைப்பைப் பார்க்கும் இயந்திரங்கள் இரண்டு. இப்போதும் அளப்பது அதே திறன்களைத்தான்: கருவி வாசிப்பு, கை கால் ஒருங்கிணைப்பு, ஒரே நேரத்தில் பல வேலை. ஏஎஃப்எஸ்பியில் பரிந்துரை கிடைத்த பறக்கும் பிரிவு விண்ணப்பதாரர்களுக்கு மட்டும் நடக்கும். வாழ்நாளில் ஒரே முறை. இதில் தவறினால் மறுபடி எந்த வழியாக வந்தாலும் பறக்கும் பிரிவுக்கு இடமில்லை. எழுத்துத் தேர்வை வயது இருக்கும்வரை திரும்பத் திரும்ப எழுதலாம். இதை முடியாது. தயாரிப்பு நேரத்தைப் பிரிக்கும்போது இதை மறக்காதீர்கள்.

முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டிய கருவிகள் ஆறு: வேகமானி, செயற்கை அடிவானம், உயரமானி, திருப்பக் காட்டி, திசைக் காட்டி, ஏற்ற இறக்க வேகமானி. இவற்றில் தவறு நடப்பது முக்கியமாக மூன்றில்.

உயரமானியில் மூன்று முட்கள். நீள முள் நூறு அடிகள், குட்டைத் தடிமுள் ஆயிரம் அடிகள், நுனியில் முக்கோணம் கொண்ட மெல்லிய முள் பத்தாயிரம் அடிகள். படிக்கும் வரிசை: பத்தாயிரம், ஆயிரம், நூறு. எப்போதும் முள் கடந்துவிட்ட எண்ணையே எடுக்க வேண்டும், நெருங்கிக்கொண்டிருக்கும் எண்ணை அல்ல. நீள முள் 9-லும் குட்டை முள் 8-க்குச் சற்று முன்பும் இருந்தால் அது 7,900 அடி. அவசரத்தில் 8,900 என்று படிப்பதுதான் எல்லோரும் செய்யும் தவறு. அதேபோல் மெல்லிய முள் 1-ஐ நெருங்கி நிற்கும், இன்னும் தொட்டிருக்காது. குட்டை முள் 7-க்கும் 8-க்கும் நடுவில், நீள முள் 5-ல். விடை 7,500. 17,500 அல்ல. முட்கள் ஒன்றோடொன்று பொருந்துகின்றனவா என்று பார்த்தாலே பிடிபடும்: நீள முள் 9-ல் இருக்கும்போது குட்டை முள் அடுத்த எண்ணுக்கு மிக அருகில் இருந்தே ஆக வேண்டும்.

செயற்கை அடிவானத்தில் அசைவது அடிவானக் கோடு, சின்ன விமானம் அசையாது. மூக்கு மேலே போனால் கோடு கீழே இறங்கும், நீலம் அதிகம் தெரியும். வலது பக்கம் சாய்ந்தால் கோட்டின் வலது முனை உயரும், இடது முனை தாழும். கோடு சாய்ந்த பக்கம்தான் விமானமும் சாய்கிறது என்று எடுத்தால் விடை தலைகீழாகும். ஒவ்வொரு படத்திலும் ஒரே கேள்வி கேளுங்கள்: எந்த இறக்கை கோட்டுக்குக் கீழே இருக்கிறது? அந்தப் பக்கம்தான் சாய்வு.

திசை: 360 வடக்கு, 090 கிழக்கு, 180 தெற்கு, 270 மேற்கு. 340-லிருந்து வலப்பக்கம் 70 பாகை திரும்பினால் 050. 040-லிருந்து இடப்பக்கம் 110 திரும்பினால் 290. எதிர்த் திசை காண, 200 கூட்டி 20 கழியுங்கள், அல்லது 200 கழித்து 20 கூட்டுங்கள். 180-ஐ நேராகக் கூட்டுவதைவிட மனதுக்குச் சுலபம்.

தென்றல்
விமானப் படங்களைத் தேர்ந்தெடுக்கும் கேள்வி வந்தால் இன்னொன்றும் பார்க்க வேண்டும். பார்ப்பவர் வடக்கு நோக்கி நிற்பதாக வைத்திருந்தால், வடக்கே போகும் விமானத்தின் வால் நமக்குத் தெரியும். அதன் வலது இறக்கை நமக்கும் வலது. தெற்கே போகும் விமானம் நம்மை நோக்கி வருகிறது. அதன் வலது இறக்கை நமக்கு இடப்பக்கம். எதிரே வரும் விமானம் வலப்பக்கம் சாய்ந்திருக்கிறது என்றால் படத்தில் நம் இடப்பக்க இறக்கை தாழ்ந்திருக்கும். முதலில் மூக்கா வாலா என்று தீர்மானித்துவிட்டு, பிறகுதான் சாய்வைப் பார்க்க வேண்டும்.

அளவுகோல்
கூடவே மனக்கணக்கும். 180 நாட் (மணிக்கு 180 கடல் மைல்) வேகம் என்றால் நிமிடத்துக்கு 3 கடல் மைல். வேகத்தை 60-ஆல் வகுத்து வைத்துக்கொண்டால் தூரக் கேள்வி வாயிலேயே முடியும். 12,000 அடியிலிருந்து 4,000-க்கு நிமிடத்துக்கு 500 அடி வீதம் இறங்க 16 நிமிடம். நிலையான திருப்பம் விநாடிக்கு 3 பாகை, முழு வட்டம் 2 நிமிடம். இவற்றைத் தாள் இல்லாமல், வேறு வேலை செய்துகொண்டே சொல்லப் பழக வேண்டும்.

மின்மினி
எனக்கு இதுல ஒரு மாற்றுக் கருத்து இருக்கு. கருவி வாசிப்பு படிக்கலாம், சரி. ஆனா கை கால் ஒருங்கிணைப்பு பிறவியில வர்றது. அதை அளக்கத்தானே தேர்வே வச்சிருக்காங்க? ஜாய்ஸ்டிக் வாங்கிப் பழகுறது காசு வேஸ்ட்.

நெடுவானம்
திறனின் உச்சம் ஆளுக்கு ஆள் வேறு, அதை மறுக்கவில்லை. ஆனால் புதிதாகத் தொடுகிற யாரும் தன் உச்சத்தில் தொடங்குவதில்லை. முதல் சில மணி நேரப் பழக்கத்தில் முன்னேற்றம் வேகமாக இருக்கும், பிறகு தட்டையாகிவிடும். அந்த முதல் பகுதியைத் தேர்வுக்கு முன்பே கடந்துவிடுவதுதான் பயிற்சியின் பயன். அதனால் ஆறு மாதம் தேவையில்லை. மூன்று வாரம், தினம் 20 நிமிடம் போதும். அதற்கு மேல் போனால் சலிப்புதான் மிஞ்சும்.

புதியவரைக் கெடுப்பது அளவுக்கு மீறிய திருத்தம். திரையில் நடுவில் வைத்திருக்க வேண்டிய புள்ளி இடப்பக்கம் நகர்கிறது, பதறி வலப்பக்கம் முழுதாகத் தள்ளுகிறார், அது மையத்தைத் தாண்டி வலப்பக்கம் ஓடுகிறது, மறுபடி இடப்பக்கம். ஒவ்வொரு சுற்றிலும் வீச்சு பெரிதாகும். தீர்வு: சின்னதாக அழுத்தி, உடனே கைப்பிடியை நடுவுக்குக் கொண்டுவந்து, என்ன ஆகிறது என்று அரை விநாடி பார்த்து, பிறகு அடுத்த அழுத்தம். விரல் நுனியால் பிடியுங்கள். முஷ்டியாகப் பிடித்தால் தோள்பட்டை வேலை செய்யும், நுணுக்கம் போய்விடும்.

தென்றல்
பயிற்சிக்கு ஃப்ளைட்கியர் என்ற விமானம் ஓட்டிப் பழகும் மென்பொருள் இலவசமாகக் கிடைக்கிறது. சாதாரண ஜாய்ஸ்டிக் போதும். மவுஸிலும் கீபோர்டிலும் பழகுவது பயன் தராது. ரட்டரைத் தானே சேர்த்துக்கொள்ளும் வசதி இருந்தால் அணைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் கால் எதையும் கற்காது. ஜாய்ஸ்டிக்கைத் திருகி ரட்டர் இயக்கும் வகையும் கையைத்தான் பழக்கும். கார் விளையாட்டுப் பெடல்களும் சரிவராது. விமானப் பெடலில் ஒன்றை மிதித்தால் மற்றது பின்னால் வரும், காரில் அப்படி இல்லை.

முதல் வாரம்: 3,000 அடியில் நேராகப் பறத்தல், 100 அடிக்கு மேல் விலகாமல், திசை 5 பாகைக்கு மேல் மாறாமல். இரண்டாம் வாரம்: அதே உயரத்தில் நிலையான திருப்பங்கள், கடிகாரம் வைத்து. மூன்றாம் வாரம்: பக்கத்தில் ஒருவர் மனக்கணக்குக் கேட்க வேண்டும், கூடவே அவ்வப்போது மேசையைத் தட்ட வேண்டும், தட்டியதும் நீங்கள் ஒரு பொத்தானை அழுத்த வேண்டும். மூன்றும் ஒன்றாக. ஒன்றில் கண் நிலைத்துவிடுவதே இங்கே வரும் கோளாறு. கணக்கை யோசிக்கும்போது உயரம் 400 அடி போயிருக்கும். எதையும் ஒரு விநாடிக்கு மேல் பார்க்காமல் கண்ணை நகர்த்துங்கள். கணக்கு வராவிட்டால் விட்டுவிட்டு அடுத்ததுக்குப் போங்கள்.

அளவுகோல்
ஓர் எச்சரிக்கை. ஜாய்ஸ்டிக்கைப் பின்னால் இழுத்தால் மூக்கு மேலே போக வேண்டும். சில விளையாட்டுகளில் இது தலைகீழாக அமைக்கப்பட்டிருக்கும். அப்படிப் பழகிய கை, நெருக்கடியில் பழைய பழக்கத்துக்கே திரும்பும். விளையாட்டு வேண்டுமென்றால் அமைப்பை மாற்றிவிட்டு விளையாடுங்கள், அல்லது தேர்வு முடியும்வரை தொடாதீர்கள்.

மின்மினி
இந்தத் தலைகீழ் விஷயம் எனக்குத் தோணவே இல்ல. தப்பாப் பழகறதைவிட பழகாமலே போறது மேல். சரியாப் பழகினா பயன் இருக்கு, ஒத்துக்கறேன்.

வெள்ளிமலை
இடையில் ஒரு கேள்வி. பிளஸ் டூ படிக்கும் தம்பிக்காகக் கேட்கிறேன். என்டிஏ வழியாகப் போனாலும் சிபிஎஸ்எஸ் உண்டா? அதில் தவறினால் எல்லாமே போய்விடுமா?

நெடுவானம்
உண்டு. விமானப்படையின் பறக்கும் பிரிவுக்கு என்டிஏ, சிடிஎஸ் (பட்டதாரிகளுக்கான முப்படைத் தேர்வு), ஏஎஃப்கேட், என்சிசி சிறப்பு நுழைவு எதுவானாலும் சிபிஎஸ்எஸ் கடக்க வேண்டும். தவறினால் போவது பறக்கும் பிரிவு மட்டுமே. தரைப்பணிப் பிரிவுகளுக்கும் தரைப்படைக்கும் வழி திறந்தே இருக்கிறது. ஆனால் 17 வயதில் தயாரிப்பே இல்லாமல் போய் அங்கே தவறினால், பட்டம் முடித்து ஏஎஃப்கேட்டில் 200 எடுத்தாலும் பறக்கும் பிரிவுக்கு வர முடியாது. தம்பி என்டிஏ விண்ணப்பத்தில் விமானப்படையைக் குறிக்கும் முன்பே கருவி வாசிப்பையும் மூன்று வாரப் பயிற்சியையும் முடித்துவிடட்டும்.

கார்முகில்
ஏஎஃப்எஸ்பி முதல் நாளே பாதிப் பேரைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்கிறார்கள். அதற்கும் இந்தத் தயாரிப்புக்கும் தொடர்பு உண்டா? தமிழ் வழியில் படித்தவன் நான்.

தென்றல்
முதல் நாள் நுண்ணறிவுத் தேர்வும் படம் பார்த்துக் கதை எழுதிக் கலந்துரையாடுவதும். நுண்ணறிவுத் தேர்வில் ஒரு கேள்விக்கு அரை நிமிடம்கூடக் கிடைக்காது, மேலே சொன்ன உருவ முறைகள் அங்கேயும் உதவும். படம் 30 விநாடி, கதை எழுத 4 நிமிடம். உங்களுக்கு மைசூரு மையம் ஒதுக்கப்பட்டால் பயணம் குறைவு, ஆனால் டேராடூன், வாரணாசி, காந்திநகர் எதுவும் வரலாம்.

தமிழ் வழிக்காரருக்கு நிஜமான சிக்கல் ஆங்கில இலக்கணம் அல்ல, அறிவுறுத்தல்களை ஒரே வாசிப்பில் பிடிப்பது. ஏஎஃப்கேட் ஆங்கிலத்தில் மட்டும்தான். சிபிஎஸ்எஸ்ஸிலும் எந்தக் கை எதை இயக்கும், எந்தச் சத்தத்துக்கு எந்தப் பொத்தான் என்பதெல்லாம் தொடங்கும் முன்பே சொல்லிவிடுவார்கள், நடுவில் கேட்க முடியாது. தினம் ஏதாவது ஒரு கருவியின் ஆங்கிலக் கையேட்டில் அரைப் பக்கம் எடுத்து, ஒரு நிமிடம் படித்து, மூடிவிட்டு, படிகளை வரிசையாகத் தமிழில் சொல்லுங்கள். ஒரு படி விடுபட்டாலும் தவறு. குறிப்பாக 'இல்லாவிட்டால் மட்டும்', 'ஒரே நேரத்தில் அல்ல' போன்ற விதிவிலக்குகள் விடுபடும். அதை எண்ணிக் குறித்து வையுங்கள்.

கார்முகில்
இன்றே அளவு நாடாவில் தொடங்குகிறேன். கண் மருத்துவரிடம் இந்த வாரமே போகிறேன். கால் நீளம் 100-க்குப் பக்கத்தில் வந்தால் என்ன செய்வது?

நெடுவானம்
99-க்கு மேல் என்றால் தகுதிதான் தம்பி. ஒரு செ.மீ இடைவெளியில் வீட்டு அளவை நம்ப வேண்டாம், நாடா தளர்ந்தாலே அவ்வளவு மாறும். இரும்பு டேப் வைத்து, வேறொருவரை அளக்கச் சொல்லி மூன்று முறை எடுங்கள். முழங்காலின் கீழ்ப்பகுதி தரையில் அழுந்தியிருக்கிறதா என்று அவர் கையை வைத்துப் பார்க்கட்டும். குதிகாலை வெளியே தள்ளாமல் பாதம் செங்குத்தாக நிற்க வேண்டும். மூன்றில் எது குறைவோ அதையே உங்கள் அளவாக வைத்துக்கொள்ளுங்கள்.